போனில் இருக்கிறோம்

நாங்கள் இருக்கிற ஊரின் பெயர் போன். பிரான்சின் பூர்கோஞ் பகுதியில், டிஜோன் நகரத்துக்குத் தெற்கே, ரயிலில் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். வந்த புதிதில் கனடாவில் இருக்கிற மாமாவுக்கு அழைத்து "இப்ப நாங்கள் போனில இருக்கிறம்" என்றேன். "அது தெரியுதடா, எங்க இருக்கிறியள் எண்டு சொல்லு" என்றார். சொந்தக்காரர் எல்லாரிடமும் இந்தப் பகிடி ஒரு சுற்று வந்து முடிய ஆறு மாதம் ஆனது.

2019 இலையுதிர் காலத்தில் வந்தோம். அதற்கு முன் 11 வருடம் பாரிஸுக்கு வெளியே லா கூர்னேவில். இங்கே ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை கிடைத்தது, வாடகையும் பாதிதான். மனுசிக்குத் துளியும் விருப்பமில்லை. கோயில் இல்லை, பாரிஸின் லா சப்பல் மாதிரித் தமிழ்க் கடைத்தெரு இல்லை, கறிவேப்பிலைக்கு எங்கே போவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி, இன்றைக்கும் பதில் இல்லை. பாரிஸுக்குப் போகிறவர் யாராவது வாங்கி வந்தால் ஃப்ரீசரில் போட்டு வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் தெருவில் ஒரு குஞ்சு குருமான் இருக்காது, முதல் சில மாதம் அது எங்களுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

பிறகு 2020 மார்ச்சில் நாட்டையே பூட்டினார்கள். ரெஸ்டோரண்டும் பூட்டு. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணித்தியாலம் மட்டும், கையில் நிரப்பிய படிவத்தோடு வெளியே போகலாம். பாரிஸில் இருந்த என் நண்பர்கள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். எங்களுக்கோ அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே திராட்சைத் தோட்டம் தொடங்கிவிடும். அதுவரை வேலைக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த சரிவு, அவ்வளவுதான். அந்த இரண்டு மாதமும் நானும் மனுசியும் மகளும் ஒவ்வொரு நாளும் அதற்குள் நடந்தோம். நான் குடிப்பதில்லை, வைனோடு எனக்குள்ள உறவு சட்டியில் ஊற்றி மாட்டிறைச்சி வேகவைப்பதோடு சரி. அப்படியிருந்தும் இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது தோட்டத்துக்குள் நடந்துதான்.

பிடிபட்டதற்குக் காரணம் பெயர்கள். இங்கே தோட்டம் ஒரே வெளியாகத் தெரிந்தாலும் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர். சில துண்டுகளுக்கு மதில், மூலையில் பெயர் வெட்டிய கல். இந்தத் துண்டுகளைக் 'கிளிமா' என்கிறார்கள். டிஜோனிலிருந்து தெற்கே நீள்கிற இந்தச் சரிவில் மட்டும் 1,247 கிளிமா உண்டு, 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்து எங்களுக்கு மொழிபெயர்த்தாள். 'லே பெரியேர்' என்றால் கல் கிண்டிய இடம். 'குளோ தே மூஷ்' என்றால் ஈக்களின் தோட்டம், உண்மையில் அது தேனீயாம்.

இதை வட்ஸ்அப்பில் அம்மாவுக்குச் சொன்னேன். அவ யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "காணிக்குப் பேர் இல்லாமல் என்னெண்டு உறுதி எழுதுறது?" என்றா. அட, அதுதானே! எங்கள் வீட்டு உறுதியிலேயே ஆலடி வளவு என்று ஒரு பெயரும் இத்தனை பரப்பு என்று ஒரு கணக்கும் இருக்கிறது. பின்னால் இருக்கிற தரிசுக்குக் கலட்டி என்று பெயர், கல்லுப் பூமி என்பதால். இங்கேயும் சுண்ணாம்புக்கல், அங்கேயும் சுண்ணாம்புக்கல். இங்கே தோட்டத்தில் பொறுக்கிய கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்க 'கபோத்' என்கிற சின்னக் கல் குடிசைகளும் உண்டு. அம்மம்மா நெடுந்தீவு. அங்கே வேலியெல்லாம் இப்படித்தான் கல் அடுக்கியிருக்கும். முதல் கபோத்தைக் கண்டதும் உள்ளே புகுந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். மனுசி வெளியே நின்று, படிவத்தில் இன்னும் 12 நிமிடம்தான் இருக்கிறது என்று கத்தினாள்.

கட்டுப்பாடு போன பிறகு பழைய சைக்கிள்கள் வாங்கினோம். போனிலிருந்து சாந்த்னே வரைக்கும் திராட்சைக்குள்ளாலேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது, ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பொமார், வொல்நே, மெர்ஸோ, புலினி-மொன்ராஷே என்று வைன் போத்தலில் படித்த பெயரெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு ஊராக வரும். சமதரை என்று நம்பிப் போகாதீர்கள், ஆரம்பத்திலேயே ஏற்றம் இருக்கிறது, மனுசி சைக்கிளை உருட்டிக்கொண்டே என்னைப் பேசியது அங்கேதான். தண்ணீர்ப் போத்தலைப் பாதி நிரப்பிக் கொண்டு போகாதீர்கள், திராட்சைக்குள் நிழலே கிடையாது. சாந்த்னேயில் கால்வாய்க் கரை வந்துவிட்டால் பிறகு நிம்மதி, ஒரே மட்டம். வழியில் டிராக்டர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். வரிசைக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து, கொடிகளுக்கு மேலால் போகிற நெட்டைக்கால் டிராக்டர், மகள் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நடைபாதைகளில் மரத்திலும் கல்லிலும் கோடு அடித்திருப்பார்கள். மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்று, வெள்ளையும் சிவப்புமாக இருந்தால் நெடும்பாதை. கோடுகள் குறுக்காகப் பெருக்கல் குறி போல இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அர்த்தம். நான் அதை ஏதோ முக்கியமான இடத்துக்கான அடையாளம் என்று நினைத்து, நோலே ஊருக்குப் பக்கத்தில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் ஒன்றரை மணித்தியாலம் பற்றைக்குள் அலைந்தேன். நாங்கள் தேடிப் போன இடத்தின் பெயர் 'பூ துய் மோந்த்', உலகத்தின் முடிவு. பாறைச் சுவர்கள் வளைத்து நிற்க, நடுவில் நீர்வீழ்ச்சி. போன நேரம் கோடை, மூத்திரம் போல ஒரு நூல் தண்ணீர். மழைக்குப் பிறகு திரும்பப் போனோம், அப்போதுதான் வடிவு. இன்னொன்று, இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும் வரை காட்டில் வேட்டைக்காரர் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை போவதென்றால் வேலைத்தளத்தில் போடுகிற மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு போங்கள். எதிரில் வருகிறவர் எல்லாருக்கும் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். லா கூர்னேவில் அப்படிச் சொன்னால் ஏதோ விற்க வந்தவன் என்று நினைப்பார்கள்.

விருந்தாளி வந்தால் ஒத்தெல்-தியூவுக்குக் கூட்டிப் போவோம். 1443இல் ஏழைகளுக்கென்று நிறுவிய ஆசுப்பத்திரி, 1971 வரை அங்கே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். கூரை ஓடு பல நிறத்தில் சாரம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது ஞாயிறு அதன் தோட்டத்து வைனை ஏலம் விடுவார்கள், அந்த வார இறுதியில் எனக்கு லீவு கேட்கவே வாய் வராது.

2021 ஏப்ரலில் ஒரு விடியற்புறம் மனுசி என்னை உலுக்கி எழுப்பி, "சரிவில நெருப்பு" என்றாள். ஜன்னலால் பார்த்தால் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்கு, எங்கள் கார்த்திகை விளக்கீடு மாதிரி. துளிர் விட்ட நேரத்தில் கடும் பனி, துளிர் கருகாமல் இருக்க வரிசைக்கு நடுவில் மெழுகுவாளிகளைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். அவ்வளவு வடிவான காட்சி, ஆனால் அடுத்த நாள் கடைத்தெருவில் ஒருவர் முகமும் சரியில்லை.

போன வருடம் வோன்-ரொமானேக்குப் போய், ரொமானே-கொந்தி தோட்டத்தின் கல்லுச் சிலுவைக்கு முன்னால் நின்று அம்மாவுக்கு வீடியோ எடுத்தேன். 1.8 ஹெக்டேர்தான், எங்கள் கணக்கில் 70 பரப்புக்குக் கொஞ்சம் கூட. இந்தத் துண்டில் வருகிற ஒரு போத்தல் பல ஆயிரம் யூரோ என்று சொன்னேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "கிணறு எங்க தம்பி?"

"இறைக்கிறேல்லையணை. மழைத் தண்ணிதான்."

"இறைக்கிற செலவும் இல்லை. பிறகேன் இந்த விலைக்கு விக்கினம்?"