கடைசிக் குண்டு கையில் இருக்கும்போது

பெத்தாங் ஆட்டம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எடுப்பவருக்கு வெற்றி. எதிரணிக்குக் குண்டு தீர்ந்துவிட்டது. அவர்களுடையது இலக்கான சின்ன மரக்குண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது, உங்கள் கையில் ஒன்று பாக்கி. பயிற்சியில் பத்துக்கு எட்டு முறை போடுகிற குண்டுதான். அது ஏன் இப்போது பாதி வழியில் பொத்தென்று விழுகிறது?

மரக்குண்டுக்கு அருகே இரும்புக் குண்டை வீசி நிறுத்தும் இந்தப் பெத்தாங்கைப் புதுச்சேரியில் ஆடுகிறவர்களுக்கு இது பழகின துக்கம். மூன்றடி தூரத்துக் குழிக்குள் பந்தை மெல்லத் தள்ளும் ‘பட்’ அடியைத் தவறவிடும் கோல்ஃப்காரருக்கும் இதே நோய்தான். கபடியில் பயப்பட நேரமில்லை. பெத்தாங், கோல்ஃப் இரண்டிலும் இலக்கு அசையாமல் நின்று நம்மை யோசிக்க விடுகிறது.

முதலில் கையைப் பார்ப்போம். பதற்றம் வந்ததும் இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வேர்க்கும், முன்கைத் தசை இறுகும். வேர்த்த கையில் குண்டு வழுக்குமோ என்று விரல்கள் இன்னும் அழுத்திப் பிடிக்கும். கோளாறு அங்கேதான். 700 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டு விரல் நுனியில் உருண்டு வெளியேற வேண்டும். இறுகிய விரல் அதைக் கொஞ்சம் தாமதமாக விடும், குண்டு மேலே எழும்பி முன்னாடியே விழும். குட்டையாகப் போனதும் பலர் அடுத்த குண்டை ஓங்கிப் போடுகிறார்கள், அது மரக்குண்டைத் தாண்டி ஓடிவிடும். பலத்தில் கை வைக்காதீர்கள், பிடியைத் தளர்த்துங்கள். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அளவு இறுக்கம் போதும். கட்டைவிரலுக்கு இதில் வேலை கிடையாது.

நம் ஊர்க் கடற்கரை ஈரக்காற்றில் பதற்றமே இல்லாவிட்டாலும் கை பிசுபிசுக்கும். இடுப்பில் ஒரு பருத்தித் துண்டு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு முறையும் குண்டில் ஒட்டிய மண்ணையும் கையையும் துடையுங்கள். செம்மண் ஒட்டிய குண்டு விரலை விட்டு வழுவும் விதமே வேறு.

விதிப்படி ஒரு குண்டு போட ஒரு நிமிடம் உண்டு. முந்தைய குண்டு நின்றதிலிருந்து அது ஓடத் தொடங்கும், அளந்து பார்த்தால் அளந்து முடித்ததிலிருந்து. பதறும் ஆட்டக்காரர் அவசரமாக, நின்று வீச வேண்டிய வட்டத்துக்குள் போய், அங்கே நின்றபடி நாற்பது விநாடி யோசிக்கிறார். எதிரியின் குண்டை அடிக்கலாமா, மரக்குண்டின் பக்கத்தில் வைக்கலாமா, உயர்த்திப் போடலாமா என்ற வழக்கெல்லாம் வட்டத்துக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். மரக்குண்டு வரை நடந்து போய்த் தரையைப் பாருங்கள்: எங்கே சரளை, எங்கே மணல், எந்தப் பக்கம் சரிவு. குண்டு முதலில் விழ வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ‘அந்தப் பக்கம்’ போதாது. ஒரு கல், ஒரு காய்ந்த வேப்பிலை, ஒரு பழைய குண்டுத் தடம், இப்படிக் கண் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். கூட்டாளியிடம் சொல்லியும் விடுங்கள். வாய்விட்டுச் சொன்ன முடிவை மாற்றக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் இங்கே உதவும்.

வட்டத்துக்குள் வந்தபின் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பாதத்தைப் பதித்து, மூக்கால் நாலு எண்ணும் நேரம் மூச்சிழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். தோளும் தானே இறங்கும். அந்த மூச்சு முடியும் இடத்தில் வீசுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் தோள் மறுபடி ஏறிவிடும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ், கோல்ஃபில் பட் செய்கிறவர்களின் பார்வையை ஆராய்ந்து 1992-ல் எழுதினார். தேர்ந்தவர்கள் அடிக்கும் முன் பார்வையை ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். மற்றவர்கள் கண் அங்குமிங்கும் தாவுகிறது. பெத்தாங்கிலும் மரக்குண்டு, எதிரியின் குண்டு, கூட்டாளியின் முகம் என்று கண் சுற்றினால் கையும் சுற்றும். வேப்பிலையைப் பிடித்த கண், குண்டு தரையில் விழும் வரை அங்கேயே இருக்கட்டும். எதிரியின் குண்டை அடிக்கிறவர்களுக்கு இது இன்னும் கடினம். பட்டதா என்று பார்க்கும் ஆசையில் தலை முன்கூட்டியே எழும், கை பாதியில் நிற்கும், குண்டு இலக்குக்கு முன்னால் மண்ணைக் கொத்தும்.

ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். அவ்வளவு நேரமும் முறைத்துக்கொண்டே நிற்க யாராலும் ஆகாது. உங்கள் முறை வரும்வரை மனதை மேய விடுங்கள், நீர்மோர் குடியுங்கள், பக்கத்தில் நிற்கும் பழைய சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) தன் பாரிஸ் பேரனைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். துண்டைக் கையில் எடுப்பதுதான் மணி, அங்கிருந்து ஆட்டம். ஆட்டத்துக்குச் சற்று முன் இரண்டாவது காபி வேண்டாம், நடுங்கும் கைக்கு அது இன்னொரு நடுக்கம்.

வீசும் நொடியில் கை தன்னையறியாமல் வெட்டி இழுக்கிறதென்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. கோல்ஃபில் பெர்ன்ஹார்ட் லாங்கர் இந்த வெட்டலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். பிடியையே மாற்றி மாற்றி 1993-ல் இரண்டாம் முறை மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்றார். நின்று போடுகிறவர் குந்திப் போட்டுப் பார்க்கலாம். கை பழைய பாதையை மறந்து புதிதாகக் கற்கும்.

பயிற்சியில் பதற்றத்தைக் கொஞ்சம் வரவழைத்துக்கொள்ள வேண்டும். வட்டத்திலிருந்து நாலு மீட்டரில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போடுங்கள். முப்பது மீட்டர் ஓடி வந்து, மூச்சு வாங்கும்போதே ஒரு குண்டு போடுங்கள். அது டயருக்குள் விழ வேண்டும். மறுபடி ஓடுங்கள். ஐந்து தொடர்ந்து உள்ளே விழும் வரை வீட்டுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், நாலு விழுந்தபின் ஐந்தாவது குண்டு கையில் எப்படிக் கனக்கிறது என்று பாருங்கள்.