பெஸ்ட் லூசரில் தமிழருக்குத் தனிக் கணக்கு இல்லை

மொரீஷியஸில் தேர்தல் வந்தால் நம்மவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "இந்தத் தடவை எத்தனை தமிழர்?" அடுத்ததாக, "தோற்றாலும் பெஸ்ட் லூசரில் ஒருவர் வந்துவிடுவார்" என்று யாராவது ஆறுதல் சொல்வார். பெஸ்ட் லூசர் என்பது, தோற்ற வேட்பாளர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப்படி நாடாளுமன்றத்தில் கூடுதல் இடம் தரும் முறை. அந்த ஆறுதலுக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை.

அரசியலமைப்பின் முதல் அட்டவணை பெயர் சொல்வது இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர் ஆகிய மூன்று சமூகங்களைத்தான். வாழ்முறையால் அந்த மூன்றிலும் அடங்காதவர்கள் 'பொது மக்கள்தொகை'. காவடி எடுக்கும் தமிழர் இந்துக் கணக்கில் போகிறார். 'தமிழர்' என்ற சொல்லே அங்கு கிடையாது.

தேர்ந்தெடுக்கப்படுவோர் 62 பேர்: 20 தொகுதிகளில் மும்மூவர், ரோட்ரிக்ஸ் தீவில் இருவர். அதற்குமேல் பெஸ்ட் லூசர் இடங்கள் அதிகபட்சம் 8. ஒரு சமூகத்தின் மக்கள்தொகையை, அதற்குக் கிடைத்த இடங்களோடு ஒன்று கூட்டி வகுப்பார்கள். ஈவு பெரிதாக உள்ள சமூகத்துக்கு இடம். உதாரணமாக, 1,40,000 பேருக்கு 6 இடம் என்றால் 7-ஆல் வகுக்க 20,000. 4,20,000 பேருக்கு 34 இடம் என்றால் 35-ஆல் வகுக்க 12,000. முதல் சமூகம் இடம் பெறும். அடுத்த சுற்றில் அதை 8-ஆல் வகுக்க வேண்டும். இப்படி நான்கு இடம். மீதி நான்கு, வென்ற கட்சியின் பலம் அதனால் குறையாமல் ஈடுகட்ட. சுயேச்சைகளுக்கு இதில் பங்கில்லை.

இந்துக் கணக்கில் ஏற்கெனவே இடங்கள் நிறைந்திருப்பதால் அதன் ஈவு தாழ்ந்தே நிற்கும். மீறி ஓர் இடம் வந்தாலும், தோற்றவர்களில், செல்லும் வாக்குகளில் அதிக சதவீதம் பெற்ற இந்து வேட்பாளருக்கே அது. அவர் தமிழரா, போஜ்பூரிக் குடும்பமா என்று சட்டம் பார்க்காது. வகுக்கப்படும் எண்களோ 1972 கணக்கெடுப்பினுடையவை! அதற்குப் பிறகு சமூகவாரியாக யாரையும் எண்ணவில்லை. வேட்பாளர் தன் சமூகத்தை அறிவிக்காத வேட்புமனுவை ஏற்காதது தவறு என்று 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள், அவ்வளவுதான்.

"நம்மவருக்கு மட்டும் போடுவோம்" என்பதும் பலிக்காது. மூவர் தொகுதியில் ஒருவருக்கு மட்டும் குறியிட்டால் சீட்டே செல்லாது. மூன்று குறி கட்டாயம். ஆகக் கேட்க வேண்டியதை டிக்கெட் தரும் கட்சித் தலைவரிடம் கேட்க வேண்டும், அதுவும் எந்தத் தொகுதியில் என்று பெயர் சொல்லி. வேட்புமனு நாள் நெருங்கியபின் போனால் மூவர் பட்டியல் முடிந்திருக்கும்; மாலையும் தேநீரும்தான் மிஞ்சும்.