ஏழு பின் பிளக்கும் பொன்னாலைக் காத்தும்

நாலு மாசம் ஆச்சு, ஒரு மாரியும் கழிஞ்சுது. வள்ளம் ஏத்திற ட்ரெய்லரின்ரை பின் லைற் ஒண்டும் இன்னும் சாகேல்லை. மூண்டாந்தரம் திருத்தினவன் எண்டபடியால் கொஞ்சம் புழுகுறன், பொறுங்கோ.

யாழ்ப்பாணத்திலை காரைநகருக்கு, கடலுக்குக் குறுக்காலை போற பொன்னாலைப் பாலத்தாலை ட்ரெய்லர் இழுக்கிற ஆக்களுக்கு வாடைக்காலத்து உப்புத் தூவானம் தெரியும். போன வருசம் மருமகன் பின்னாலை நிண்டு கத்தினான்: "மாமா, இடது சிக்னலுக்குப் பிறேக் லைற்றும் சேந்து கண்ணடிக்குது!" அப்பிடிக் கண்டால் பல்ப் மாத்தி மினைக்கெடாதேங்கோ. ஏர்த் பிழை. வாகனத்தையும் ட்ரெய்லரையும் தொடுக்கிற ஏழு பின் பிளக்கிலை மூண்டாம் பின், வெள்ளை வயர். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் மற்ற பல்ப்புக்குள்ளாலை பூந்து போகுது.

மீற்றரும் என்னை ஏமாத்திச்சுது. சும்மா வைக்க 12 வோல்ற் காட்டும்; 21 வாற் பிறேக் பல்ப்பைக் கொழுவினவுடனை எட்டுக்கு விழுந்துது. பல்ப் எரியேக்கைதான் அளக்கோணும்.

சொக்கற்றுக்குள்ளை பச்சைக் களிம்பு. முந்தி ரெண்டு தரமும் அதை வினாகிரியாலை தேச்சுப்போட்டு விட்டிட்டன். இந்தமுறை வயரின்ரை உறையைச் சீவினன். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரிச் செம்பு உப்புத்தண்ணியை உள்ளுக்கை இழுத்து வைச்சிருக்கு. ஒரு அங்குலம் வெட்டினன், கறுப்பு. இன்னொண்டு, அதுவும் கறுப்பு. ஒன்பதாவது அங்குலத்திலைதான் செம்பு மினுங்கிச்சுது. அதுக்குள்ளை வயர் எட்டாமல் போச்சு, முழுசாப் புதுசு இழுத்தன். கறுத்த செம்பிலை, உருக்கி ஒட்டிற ஈயமும் பிடியாது. நல்ல செம்பெண்டாலும் நான் ஈயம் வைக்கிறேல்லை. ஈயம் முடியிற இடம் விறைச்சு, குலுங்கக் குலுங்க அதிலைதான் முறியும். இணைப்பை நசிச்சுப் பூட்டி, மேலை சூடு காட்டச் சுருங்கிற, உள்ளுக்கை பசை வைச்ச ரியூப் போட்டன். லைற்றர் கருக்கிச்சுது, மனிசியின்ரை ஹெயார் ட்றையருக்குச் சூடு காணாது, கடைசியிலை சுடுகாத்து ஊதிற ஹீற் கண் ஒண்டு இரவல். ரெண்டு வாயாலும் பசை துளியாப் பிதுங்கினால்தான் அடைபட்டதெண்டு அர்த்தம்.

பிறகு சிலிக்கன் கிறீஸ். அது கரண்ட் கடத்தாதெண்டு பயப்பிடாதேங்கோ, பின் இறுக்கமாப் போனால் கிறீஸ் விலகி உலோகம் முட்டும். பின் தளர்வெண்டால் முதல் பின்னின்ரை வெடிப்புக்குள்ளை கத்தி முனையை விட்டுக் கொஞ்சம் அகட்டுங்கோ. டவுனிலை ஒரு கடையிலை கிறீஸ் கேக்க, ஜன்னல் ஒட்டிற சிலிக்கனைத் தந்து விட்டவை! புளிச்ச மணம் அடிக்கிற அந்தச் சாமான் செம்பைத் தின்னும். வாகனச் சாமான் விக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போன கூட்டாளிதான் கடைசியிலை சின்ன ரியூப் ஒண்டு கொண்டு வந்து தந்தான்.

அடுத்தது வெள்ளீயம் பூசின வயரும், தண்ணி பூராத எல்ஈடி லைற்றும். அதுவரைக்கும் வள்ளம் இறக்க முதல் பிளக்கைக் கழட்டித்தான் ஆகோணும். சூடான பல்ப் கடல் தண்ணி பட்டால் வெடிக்கும். நம்பர் பிளேற் லைற் மட்டும் இன்னும் பழைய வயரிலைதான், மினுக்மினுக்கெண்டு.

பிளக்கை வாய் கீழை பாக்கத் தாவாரத்திலை தூக்கச் சொன்னன். நேற்றுப் பாத்தால் மருமகன் பொலித்தீன் பையாலை இறுக்கிக் கட்டி வைச்சிருக்கிறான். உள்ளுக்கை முத்துமுத்தா வேர்த்துக் கிடக்கு.