49 கிராம் பட்டு

சீனாவின் சாங்ஷா நகரத்துக்குப் போகிறவர்கள் ஹூனான் அருங்காட்சியகத்தைத் தவறவிடுவதில்லை. 1972இல் மவாங்துய் மேட்டைத் தோண்டியபோது கெடாமல் கிடைத்த, ஹான் வம்சக் காலத்துச் சின் ஜுய் சீமாட்டியின் உடலைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம் அலைமோதும். நான் போனது அவருடைய மெல்லிய பட்டு அங்கிக்காக.

நீளம் 128 சென்டிமீட்டர், எடை 49 கிராம். கழுத்திலும் கைமுனையிலும் தைத்திருக்கும் கனமான கரையையும் சேர்த்துத்தான் இந்த எடை. 2,100 ஆண்டுகள் தாண்டியும் பாம்புரி போல மெல்லியதாக விரிந்து கிடக்கிறது.

பட்டுக்கு வெளிச்சம் ஆகாது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் 50க்கு மேல் போகக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொதுக் கணக்கு. அந்த மங்கலில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் பழுப்பு நிறத்தில் ஓர் உருவம்தான் தெரியும். நெய்த விதம் தெரியாது. டிஜிட்டல் படம் கைகொடுப்பது இங்கேதான். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய படத்தைப் பெரிதாக்கினால் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடும் தனித்தனியே தெரிகின்றன, இழைகளை எண்ணலாம்.

இவ்வளவு மெல்லிய துணியை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்வது லேசான வேலை இல்லை. ஒளி துணியில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். அதனால் அங்கியில் இணைத்துத் தைத்த ஒவ்வொரு துண்டையும் அளந்து, அவற்றைக் கணினியில் தைத்து, துணியின் எடையையும் விறைப்பையும் கொடுத்து ஒரு கணினி உருவத்துக்கு உடுத்திப் பார்க்கிறார்கள். அசலை இனி யாரும் உடுத்த முடியாதே!

பெய்ஜிங் அருகே திங்லிங் கல்லறையை 1950களில் திறந்தபோது, மிங் வம்சத்து வான்லி பேரரசரின் பட்டுத் துணிகள் காற்று பட்டதும் நிறம் மங்கி விறைத்துப்போயின. நினைத்தாலே வயிறு எரிகிறது. அன்று இந்தக் கருவிகள் இருந்திருந்தால் நிறமாவது பதிவாகியிருக்கும்.

கணினி மட்டும் போதாது, தறியும் வேண்டும். நான்ஜிங் நெசவாளர்கள் இந்த அங்கிக்கு முதலில் நெய்த நகல் 80 கிராமைத் தாண்டிவிட்டது. இன்றைய பட்டுப்புழு பெருத்துவிட்டது, இழையும் தடித்துவிட்டது. சிறிய புழுக்களை வளர்த்து, பல ஆண்டுகள் பாடுபட்ட பிறகே எடை வசப்பட்டது. இழையின் தடிமன் பற்றி அவர்கள் கற்றது எந்த ஸ்கேனரும் தராதது.

2024இல் இதே அருங்காட்சியகம் மவாங்துய் பொருள்களை வைத்து ஒரு பெரிய டிஜிட்டல் கண்காட்சி நடத்தியது. சுவரெல்லாம் மேகக் கோலங்கள் மிதப்பது அழகுதான். ஆனால் என்னைக் கேட்டால், அந்தச் செலவில் ஒரு பங்கை நுண்ணோக்கிப் படங்களுக்கு ஒதுக்கி, எல்லாரும் பார்க்கத் திறந்துவிடலாம்.

அனுமதி இலவசம், முன்பதிவு அவசியம். திங்கட்கிழமை விடுமுறை. போகும் முன் அங்கியின் பெரிய படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் அந்த மங்கலிலும் எதைத் தேடுவது என்று கண்ணுக்குத் தெரியும்.