அமெரிக்க இதழ்களுக்குப் போன ஆடிப்பெருக்கு

செவ்வாய் கிரகத்தில் ஆறு ஓடிய தடங்கள் உண்டு, ஆறு இல்லை. அந்த வறண்ட படுகையில் ஒருத்தி ஆடி பதினெட்டு அன்று காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிறாள். இதுதான் கவிதை. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், முப்பது வரிக்குள். எழுதியதைவிட அதை அனுப்பியதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

அறிவியல் புனைவு, மாயம், பேய், மாற்று வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து ‘ஸ்பெகுலேட்டிவ் பொயட்ரி’ என்கிறார்கள். அதற்கென்று தனி உலகமே இருக்கிறது. 1978இல் சூசெட் ஹேடன் எல்ஜின் என்ற எழுத்தாளர் இதற்கென்றே தொடங்கிய சங்கம் ஆண்டுதோறும் சிறந்த கவிதைகளுக்கு ரைஸ்லிங் விருது தருகிறது. பத்து வரிக்கு மிகாத கவிதைகளுக்கென்றே ‘டுவார்ஃப் ஸ்டார்ஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. அறிவியல் புனைவு உலகின் பெரிய விருதான ஹியூகோவில்கூட 2025இல் சிறப்புப் பிரிவாகக் கவிதையைச் சேர்த்தார்கள். எனக்கு விருதைவிடப் பரிந்துரைப் பட்டியல்தான் உதவியது. எந்தக் கவிதை எந்த இதழில் வந்தது என்று அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இதழாகப் போய் வாசித்தேன். 2000இலிருந்து வரும் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ், 2014இல் தொடங்கிய அன்கேனி இரண்டையும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம். ராக்கெட்டையும் ரோபோவையும் இறக்கிவிட்டால் போதாது, யாருக்கோ எங்கோ வலிக்க வேண்டும் என்பது நாலைந்து இதழ் படித்ததுமே புரிந்துவிடும்.

எந்த இதழ் இப்போது திறந்திருக்கிறது, எவ்வளவு தருகிறது, பதில் சொல்ல எவ்வளவு நாள் எடுக்கிறது என்று பார்க்க ‘சப்மிஷன் கிரைண்டர்’ தளம் இருக்கிறது. இலவசம். டியூட்ரோப்பும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் சந்தா கட்ட வேண்டும். சன்மானத்தைப் பற்றிக் கனவு வேண்டாம்: கவிதைக்கு நாற்பது, ஐம்பது டாலர் என்றாலே நல்ல இடம். அச்சிதழான அசிமோவ்ஸ் வரிக்கு ஒரு டாலர் என்று கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கில் நம்மூர் ஹைக்கூ கவிஞர்கள் நிலைமை பரிதாபம்தான்.

படைப்பு அனுப்ப ஒவ்வோர் இதழும் போடும் விதிகளை, அதாவது கைட்லைன்ஸை, எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ‘சைமல்டேனியஸ்’ கூடாது என்றால் அதே கவிதையை அதே நேரத்தில் வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது. ‘மல்டிபிள்’ கூடாது என்றால் அந்த இதழுக்கே ஒன்றின் பதில் வருமுன் அடுத்ததை அனுப்பக் கூடாது. இரண்டும் வேறு வேறு. சில இதழ்கள் பெயரை நீக்கிவிட்டுக் கோப்பை அனுப்பச் சொல்லும். ஏஐ உதவியில் எழுதியதா என்ற கேள்வியும் இப்போது பல படிவங்களில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஏஐ கதைகள் வந்து குவிந்ததில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைவு இதழ் சில வாரங்கள் படைப்பு வாங்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று; கேட்கிறார்கள் என்று கோபப்பட ஒன்றுமில்லை.

நம்மவர்களுக்குக் கஷ்டமான விதி வேறு. முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாலே பெரும்பாலான இதழ்களுக்கு அது ‘ஏற்கெனவே வெளியானது’. எழுதிய சூட்டில் போட்டு லைக் வாங்கிப் பழகிய கைக்கு இது பெரிய விரதம். நண்பர்கள் இருவருக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிக் கருத்துக் கேட்டேன்.

கவர் லெட்டர் மூன்று வரி: வணக்கம், கவிதையின் பெயர், வரி எண்ணிக்கை, முன்பு எங்காவது வந்திருந்தால் அது. கவிதையை விளக்கக் கூடாது. காதோலை கருகமணி என்றால் என்ன என்று எழுதக் கை துறுதுறுத்தது, எழுதவில்லை.

பிறகு காத்திருப்பு. அச்சடித்தாற்போன்ற மறுப்புகள்தான் அதிகம் வந்தன. ஒருவர் மட்டும் ‘இது இல்லை, அடுத்ததை அனுப்புங்கள்’ என்றார். அது முகதாட்சண்யத்துக்குச் சொல்வதில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஓர் இதழ் மாதக்கணக்கில் கவிதையை வைத்திருந்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிப்போனது. கவிதையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பினேன்.

கடைசியில் ஒரு சிறிய இதழ் கேட்டது, ஒரு நிபந்தனையோடு. கவிதையின் இறுதி இரண்டு வரிகளில் ‘நீர் வரும், ஒருநாள் வரும்’ என்ற பொருளில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டால் அவள் கருகமணியைச் சிவப்பு மண்ணில் வைப்பதோடு கவிதை நிற்கும், அது போதுமே என்றார் ஆசிரியர். ஒருநாள் முழுக்க மனசு ஒப்பவில்லை. மறுநாள் அந்த வரிகள் இல்லாமல் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். மெய்ப்பு வந்தபோது உள்தள்ளிய வரிகளெல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கிடந்தன. கைபேசியில் திறந்தால் நீண்ட வரிகள் இரண்டாக ஒடிந்தன. இதைச் சரிபார்க்கச் சோம்பல்படக் கூடாது, வெளியான பிறகு கேட்பது சங்கடம்.

பணம் பேபாலில் வந்தது. பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எதற்கான பணம் என்று ‘பர்ப்பஸ் கோடு’ கேட்டது; கவிதைக்கென்று தனியாக ஒன்றைக் காணோம், கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தேன். கட்டணமும் மாற்று விகிதமும் கடித்தது போக மீதி வங்கிக்கு வந்து சேர்ந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தேன்: ஆங்கில வடிவம் சில மாதங்களுக்கு அவர்களுக்கு மட்டும், தமிழ் வடிவம் எப்போதும் எனக்கு. ஆசிரியர் உடனே ஒத்துக்கொண்டார். ‘அரூ’ மாதிரி இந்த வகைக் கனவுருப்புனைவுக்கென்றே ஓர் இதழ் தமிழிலும் வந்திருக்கும்போது அந்த உரிமையை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன். இதில் அந்த இரண்டு வரி வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.