எடுக்காத நிலத்துக்கு என்ன கணக்கு?

நிலக்கடலை பறித்து முடித்த மறுவாரம், எங்கள் வயலுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று நட்டிருந்தது. பக்கத்து வயலில் ஒன்று, அதற்கடுத்த வயலில் இன்னொன்று. மூன்றையும் சேர்த்து மனசுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு எங்கள் 3 ஏக்கர் 40 சென்டைக் குறுக்கே சாய்வாக வெட்டிக்கொண்டு போனது.

அளக்க வந்தவர்களிடம் அம்மா விசாரித்தார். "புது ரோடு வருதும்மா. இப்ப அளவு மட்டும்தான் எடுக்குறோம்" என்றார் ஒருவர். "சரி தம்பி, ரோட்டுக்கு எந்தப் பக்கம் என் கிணறு வரும்?" என்று கேட்டார் அம்மா. அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த மூன்று வருஷம் நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் கேட்டது கடைசியில் இந்த ஒரு கேள்வியைத்தான்.

ஏற்கெனவே இருக்கும் சாலையை அகலப்படுத்துவது வேறு. அதில் ஓரத்தில் கொஞ்சம் போகும். புதிய தடத்தில் போடும் நாற்கரச் சாலைக்கு 60 மீட்டர் அகலம் வேண்டும், அது வயலின் நடுவயிற்றில் போகும், இரண்டு பக்கமும் வேலி வரும். எங்களுக்குப் போனது 1 ஏக்கர் 46 சென்ட். மிச்சம் கிழக்கே கிணற்றோடு 1 ஏக்கர் 25 சென்ட், மேற்கே தண்ணீரில்லாமல் 69 சென்ட். எடுக்கிற நிலத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்றுதான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. எடுக்காமல் விட்ட நிலம் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. நானும் முதலில் பேசவில்லை.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956 படி நடக்கும் நில எடுப்பு இது. 3ஏ பிரிவில் முதல் அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சாரம் இரண்டு செய்தித்தாள்களில் வர வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில். புல எண்ணும் பரப்பும் பொடி எழுத்தில் பக்கம் முழுக்க இருக்கும். பரப்பு சதுர மீட்டரில் இருந்ததால் எங்கள் 146 சென்ட் 5,908 என்ற எண்ணாகத் தெரிந்தது. அது எங்களுடையதுதான் என்று புரியவே அரைமணி நேரம் ஆனது. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அரசிதழ்த் தேதியிலிருந்து 21 நாள்தான். நான் பார்த்தது ஒன்பதாம் நாள். மஞ்சள் கல்லைப் பார்த்த அன்றே புல எண்ணைக் குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலை நில எடுப்புக்கான மத்திய அரசின் பூமி ராசி இணையதளத்தையும் விஏஓ அலுவலகத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். தபாலில் வீடு தேடி வரும் என்று உட்கார்ந்திருந்தால் நாள் போய்விடும்.

ஊரில் இரண்டு கட்சி. திட்டமே வேண்டாம் என்றார்கள் சிலர். பணத்தைச் சீக்கிரம் வாங்கிவிடலாம் என்றார்கள் சிலர். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கான நில எடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததையும், அந்த அறிவிப்பு செல்லும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இரண்டு பக்கமும் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், எதிர்க்க விரும்புகிறவர் முழு மனசோடு எதிர்க்கட்டும். அது அவர் உரிமை. ஆனால் அதே மனுவின் இரண்டாம் பக்கத்தில், "ஒருவேளை சாலை வந்தே தீருமென்றால் எங்களுக்கு இவை வேண்டும்" என்றும் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டவர்களுக்கு அப்புறம் கேட்க ஓர் ஆதாரமும் இல்லாமல் போனது.

அந்த இரண்டாம் பக்கத்துக்கு நான்கு நாள் செலவழித்தேன். புலப்படத்தின் நகலை வாங்கி, அதன்மேல் கலர் பென்சிலால் தண்ணீரை வரைந்தேன். கிணற்றுத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எங்கே போகிறது, மழைத் தண்ணீர் எந்த மூலையில் நுழைந்து எந்த மடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்குகிறது என்று அம்மா விரலால் காட்டக் காட்டக் கோடு போட்டேன். கேட்டது மூன்று. கிணற்றிலிருந்து மேற்குத் துண்டுக்குக் குழாய் கொண்டுபோகச் சாலைக்கு அடியில் ஓர் உறைக்குழாய். மழைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் சிறு பாலம். மேற்குத் துண்டுக்குப் போய்வர அணுகுசாலை. நேரில் விசாரணை உண்டு, வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். நான் தனியாகவே போனேன். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நான் சொன்னதைவிட அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார் அதிகாரி. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. தொழில்நுட்பக் கோரிக்கைகள் சாலை கட்டும் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகின்றன என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் அப்புறம் கைகொடுத்தது.

3டி பிரிவில் வரும் இறுதி அறிவிப்பு அரசிதழில் வந்த அன்றே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. பணம் வந்ததா, நாம் கையெழுத்துப் போட்டோமா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த நாள்கள் மட்டும் இதில் சேராது. நிலம் அரசுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது தவறு என்று அந்த எட்டு வழிச்சாலை வழக்கிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் எந்தப் புல எண் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேட்டின் நகலை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

எங்களை நிஜமாகவே உலுக்கியது பட்டா. தாத்தா பெயரிலேயே இருந்தது. அப்பா இல்லை. அத்தைகள் இரண்டு பேர். தாத்தாவுக்கு, அப்பாவுக்கு என்று இரண்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கவே ஐந்து மாதம். அத்தைகளுக்கும் பங்கு உண்டு என்பது சட்டம், நியாயமும்கூட. ஆனால் கையெழுத்து வாங்கப் போனபோது பெரிய அத்தை கண் கலங்கிவிட்டார். "உங்கப்பன் இருந்திருந்தா நான் கேக்காமலேயே குடுத்திருப்பான்டா" என்றார். அன்றைக்கு நான் காகிதத்தை எடுக்காமல் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் தம்பியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், யாருக்கு எவ்வளவு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பங்கில் தகராறு என்றால் 3எச் பிரிவின்படி விஷயம் சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடும். எங்கள் வரிசையிலேயே இரண்டு குடும்பத்தின் பணம் அப்படி நிற்கிறது. சாலையில் வண்டி ஓடுகிறது, அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை.

மரம், கிணறு, குழாய், கொட்டகை எல்லாவற்றுக்கும் தனி மதிப்பீடு உண்டு. கணக்கெடுப்பு நாளில் நீங்கள் வயலில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் தென்னை 23. முதல் பட்டியலில் 17 என்று வந்தது. வரப்பு ஓரத்தில் நின்ற ஆறை யாருடையதென்று தெரியாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு, எண் தெரியும்படி படம் எடுத்து வைத்திருந்ததால் அன்றே திருத்தினார்கள். மண்ணுக்கடியில் போன பிவிசி குழாயை யாரும் எழுதவில்லை. ஓர் இடத்தில் தோண்டிக் காட்டிய பிறகுதான் எழுதினார்கள்.

விலைக் கணக்கு 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி. நெடுஞ்சாலை எடுப்புக்கும் இந்தக் கணக்கு 2015 முதல் பொருந்தும். அரசு வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். முந்தைய மூன்று வருஷத்தில் அக்கம்பக்கத்தில் இதேபோன்ற நிலத்துக்குப் பதிவான பத்திரங்களை விலைவாரியாக அடுக்கி, மேல்பாதியின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அது. கிராமப்புறமென்றால் அதை 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதன்மேல் மரம், கிணற்றின் மதிப்பைச் சேர்த்து, மொத்தத்துக்கும் 100 சதவீதம் ஆறுதல் தொகை. நிலமதிப்புக்கு 3ஏ தேதியிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து நம் ஊரில் எல்லோரும் பத்திரத்தில் விலையைக் குறைத்தே எழுதினோம். அந்தப் பத்திரங்களே இப்போது நமக்கு எதிர்ச்சாட்சி. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுத் தேடியதில், அவர்கள் பட்டியலில் இல்லாத நல்ல விலைப் பத்திரங்கள் நான்கு கிடைத்தன. நகல் எடுத்துக் கோரிக்கையோடு இணைத்தேன். இரண்டை ஏற்றார்கள்.

இழப்பீடு எவ்வளவு என்று சொல்லும் தீர்ப்பாணையின் நகல் வந்தபோது நான் முதலில் தேடியது தொகையை இல்லை. 3ஜி(7) பிரிவு, நிலம் துண்டாவதால் வரும் சேதத்தையும், எடுப்பால் மற்ற சொத்துக்கு வரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எங்கள் தாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. அக்கம்பக்கத்தார் தாளையெல்லாம் வாங்கிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கோடு. கேட்டவர் யாருமில்லை என்பதால் கொடுத்தவரும் இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. 69 சென்ட் நிலம் அப்படியே உங்களிடம்தானே இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது. முன்பு நூறு எட்டில் மண்வெட்டியோடு போய்விடுவார் அம்மா. இப்போது சுரங்கப்பாதை வழியாகச் சுற்றினால் 2.3 கிலோமீட்டர். அந்தத் துண்டுக்கு உழவு ஓட்ட டிராக்டர்காரர் இரட்டை வாடகை கேட்கிறார்.

பணத்தை வாங்க மறுக்க வேண்டாம். "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கினேன். தொகையில் திருப்தி இல்லையென்றால் நடுவரிடம் போகலாம். எங்களுக்கு மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். வக்கீலிடம் போகும் முன் நான் சேர்த்தது ஆதாரம்தான்.

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை, ஏனென்றால் அதற்குள் வேலை தொடங்கிவிட்டது. மண் லாரிகள் நாள் முழுக்க ஓடின. இலைமேல் செம்மண் படிந்து, கத்தரிச்செடி இலையைத் தடவினால் விரல் சிவக்கும். பூ உதிர்ந்தது. தண்ணீர் தெளிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகு தெளித்தார்கள், இரண்டு வாரம். பக்கத்து வயல்காரர் ஜல்லி கொட்ட நிலத்தை வாடகைக்கு விட்டார். பதினெட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஏர் இறங்கவில்லை. லாரிச் சக்கரம் அமுக்கிய மண்ணுக்குள் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. அப்படி விடுவதாக இருந்தால், மேல்மண்ணை ஒரு சாண் அளவுக்கு வழித்து ஓரமாகக் குவித்து வைத்து, முடிந்ததும் ஆழ உழுது அதைத் திரும்பப் பரப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வாய்வார்த்தையில் விட்டார். நல்ல மனுஷர், இப்போது அந்த இடத்தைப் பார்க்கவே போவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். ஒரு ஆளுயரத்துக்கு மேல் மண்கரை போட்டால், பரவலாக வழிந்து போய்க்கொண்டிருந்த மழைத் தண்ணீர் ஒரே ஓட்டையைத் தேடி வருகிறது. நாங்கள் கேட்ட இடத்தில் சிறு பாலம் கட்டினார்கள், அந்தப் படத்துக்குப் பலன். ஆனால் அதன் அடிமட்டம் வயல் மட்டத்தைவிட ஓர் அடி உயரம். முன்பு மூன்றாம் நாள் வடிந்துவிடும் தாழ்ந்த மூலை, முதல் பெருமழையில் பதினோரு நாள் குளமாகக் கிடந்தது. தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று, அன்றைய செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். வேளாண் அலுவலரை அழைத்து வந்து பயிர்ச்சேதத்தை எழுதி வாங்கினேன்.

நடுவர் விசாரணை ஏழு அமர்வு. துண்டான சேதத்துக்காக மேற்குத் துண்டின் மதிப்பில் ஒரு பகுதியைக் கொடுக்க உத்தரவானது. கேட்டதில் பாதிக்கும் குறைவு. கூடுதலாகத் தீர்மானிக்கும் தொகைக்கு, நிலத்தைக் கையகப்படுத்திய தேதியிலிருந்து 9 சதவீத வட்டி உண்டு. அதைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். இதிலும் திருப்தி இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம் போகலாம். அம்மா போதும் என்றார். அவர் பேச்சை மீறவில்லை.

உறைக்குழாய் வைத்துக் கொடுத்தார்கள். மண்கரை எழும்பும் முன் வைக்க வேண்டியது அது, பிறகு வைப்பது பெரும்பாடு. அந்த ஒரு வரி உத்தரவு நகலை மேஸ்திரியிடமும் பொறியாளரிடமும் காட்டி, வைக்கும்வரை அங்கேயே நின்றேன். கிழக்கே மோட்டார் போட்டால் மேற்கே தண்ணீர் விழ இப்போது நான்கு நிமிஷம் ஆகிறது. முதல் நாள் அம்மா அந்தப் பக்கம் போய்க் காத்திருந்து, விழுந்ததும் போனில் கூப்பிட்டார். "வந்துருச்சுடா" என்றார். லாரிச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

சிறு பாலத்தின் அடிமட்டத்தை இறக்கக் கேட்டு எழுதிய மூன்றாவது மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. தாழ்ந்த மூலையில் அடிக்கணக்குப் போட்ட மூங்கில் ஒன்றை ஊன்றி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பெய்த மறுநாள் காலையில் அந்த மூங்கிலைப் படம் எடுத்து நான்காவது மனுவோடு இணைப்பேன்.