மொட்டை மாடியில் மெத்தை

இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் லேசில் காயாது. மதுரை வெயிலுக்கே இரண்டு நாள் பிடிக்கும். அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும்போதெல்லாம் கீழ்வீட்டு அக்கா, "என்ன, இன்னைக்கும் மெத்தையா?" என்பார். மூட்டைப்பூச்சி என்று ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. வாரத்தில் ஐந்தாறு இரவு படுக்கை நனையும்.

நான் செய்து பார்க்காதது இல்லை. மாமியார் சொன்ன எள்ளுருண்டை, மந்திரித்த கயிறு, ராத்திரி ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்ற சட்டம். இரண்டு மணிக்கு எழுந்து தூக்கிப்போய் உட்கார வைப்பேன். கண்ணைத் திறக்காமலே போய்விட்டு வந்து படுப்பாள். ஐந்து மணிக்கு மறுபடி ஈரம். ஒருநாள் ஆத்திரத்தில் அடித்தும் விட்டேன். அவள் அழவில்லை. மறுநாள் நான் எழுவதற்குள் போர்வையை பாத்ரூமில் தானே அலசிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே குழந்தைகள் டாக்டரிடம் போனோம்.

மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்தேன். அவரோ இரவைப் பற்றிக் கேட்டதைவிடப் பகலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். "ஸ்கூல்ல எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவே?"

"போக மாட்டேன்," என்றாள் மகள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். ஒரே நாற்றமாம்.

எட்டரை முதல் நாலு மணி வரை அடக்கியிருக்கிறாள். அடக்க வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். சோம்பேறித்தனம் என்று நான் திட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தாகம் தீரக் குடிப்பாள். டிவி பார்க்கும்போது குதிகாலை அழுத்தி அதன்மேல் உட்காரும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய ஸ்டைல் என்றல்லவா நினைத்திருந்தேன்! மூத்திரத்தை அடக்கத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். மலம் மூன்று நாளைக்கு ஒருமுறைதான். குடலில் தேங்குவது மூத்திரப்பையை நெருக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. சர்க்கரை, கிருமித்தொற்று இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. குறட்டை உண்டா, எடை குறைந்ததா, ஆறு மாதம் நனைக்காமல் இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்ததா என்றும் கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?" என்றபோது நான் இல்லை என்றேன். என் கணவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கில் திரும்பும்போதுதான் சொன்னார்: "எனக்கு ஒன்பது வயசு வரைக்கும் இருந்துச்சு." கல்யாணமாகிப் பத்து வருடம்! எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்த மாமியாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு உண்டாம். இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் வாசோபிரஸின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. பை நிறைந்தாலும் தூக்கம் கலைவதில்லை. வேண்டுமென்று எந்தப் பிள்ளையும் செய்வதில்லை. அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒவ்வொரு தடவையும் அளவுக் குவளையில் பிடித்து நோட்டில் எழுதினோம். வயதோடு ஒன்று கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்த வயதில் மூத்திரப்பைக்கு இருக்க வேண்டிய கொள்ளளவு. ஏழு வயதுக்கு 240 மில்லி. அவளுக்கு 110-ஐத் தாண்டவில்லை. முதலில் மலச்சிக்கலையும் பகலையும் சரிசெய்வோம், இரவை அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். இரண்டு மணிக்குத் தூக்கிப்போவதையும் நிறுத்தச் சொன்னார். தூக்கத்திலேயே போகத்தான் அது பழக்குமாம். மலம் இளக ஒரு பொடி, கழிவறையில் கால் ஊன்ற ஒரு முக்காலி, இரண்டரை மணிக்கொருமுறை ஒண்ணுக்கு. வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம். அந்த டீச்சர் புண்ணியவதி. இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஆசிரியர்களின் கழிவறைக்கே அனுப்பினார். மூன்று மணிக்குள் பாட்டில் காலியாக வேண்டும் என்பது மகளோடு போட்ட ஒப்பந்தம். பகலில் குடித்துவிட்டதால் ராத்திரித் தாகம் தானாகவே குறைந்தது. ஆறு வாரத்தில் ஈர இரவு மூன்றாக இறங்கியது.

அதற்குப் பிறகுதான் அலாரம். ஜட்டியில் மாட்டும் சென்சார், ஈரம் பட்டால் அலறும். முதல் ராத்திரி அது அலறியதில் நான் எழுந்தேன், அவர் எழுந்தார், நாலு வயதுத் தம்பி எழுந்து அழுதான். அவள் மட்டும் எழவில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் எழுப்புவது நம் வேலைதான். முகம் கழுவி, முழுசாக விழித்து, அவள் காலாலேயே நடந்து போக வேண்டும். பாதிப்பேர் இந்தக் கட்டத்தில்தான் அலாரத்தைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் போட்டிருப்போம். ஆனால் ஈரத்தின் வட்டம் சிறிதாகிக்கொண்டே வந்தது.

நடுவில் காரைக்குடியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஜமுக்காளத்தில் எல்லாரோடும் படுக்க வேண்டுமே என்று அவளுக்கு ஒரே பயம். அதற்கு மட்டும், அந்த வாசோபிரஸின் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரஸின் மாத்திரை கொடுத்தார் டாக்டர். ஒரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்ட பிறகு எட்டு மணி நேரம் வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகிவிடும் என்று இரண்டு முறை சொன்னார். கல்யாண வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அலாரம் மாட்டிய பத்தாவது வாரம், தொடர்ந்து 14 இரவு ஈரமில்லை. அரையாண்டு விடுமுறையில் பழைய பழக்கம் திரும்பி நாலு நாள் நனைந்தது. மூன்று வாரம் மறுபடி மாட்டினோம், நின்றது.

பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து தாழ்ப்பாளைப் பற்றிப் பேசினேன். மகள் பெயரை இழுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் இரண்டு அம்மாக்கள் தனித்தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, எந்த டாக்டர் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். வாளியும் சோப்பும் இன்னும் வரவில்லை.